‘இன்’ என்றால் இல்லை

கண்ணாடிக்காரரின் துப்பறியும் நிலையத்துக்கு வருகிறவர்கள், உட்காருவதற்கு முன்னால் நாற்காலியை ஒரு தடவை ஆட்டிப் பார்ப்பது வழக்கம். அன்று காலை வந்தவர் நாற்காலி வரைக்கும் வரவில்லை. வாசலிலேயே நின்று பெயர்ப்பலகையை இரண்டு முறை படித்தார். பல்வலிக்காரரைப் போல முகத்தைச் சுளித்தார்.

“‘டிஸ்கிரீட்’னு போட்டிருக்கீங்க. ரகசியமா விசாரிப்போம்னு சொல்ல வர்றீங்க, இல்லையா? அதுக்கு ரெண்டு ‘ஈ’யும் ஒட்டி நிக்கணும். நீங்க நடுவுல ‘டி’யைப் போட்டுப் பிரிச்சுட்டீங்க. இப்ப இதுக்கு அர்த்தம், தனித்தனியா விசாரிப்போம்.”

“அதுவும் தப்பில்லையே சார்,” என்றார் மாப்பிள்ளை. “இங்க வர்ற புருஷன் பெண்டாட்டியை நாங்க தனித்தனியாத்தான் விசாரிக்கிறோம்.”

மாப்பிள்ளை என்பது பட்டப்பெயர் அல்ல, பதவி. கண்ணாடிக்காரரின் தங்கையைக் கட்டியவர். வேலை பார்த்த சினிமா தியேட்டர் மூடிவிட்டதால், தங்கையின் கண்ணீருக்குக் கட்டுப்பட்டு உதவியாளராகச் சேர்க்கப்பட்டவர். அந்தப் பலகைக்கு ஆர்டர் கொடுத்தவரும் அவர்தான். வீட்டு மாப்பிள்ளையை வேலை வாங்குவதில் உள்ள கஷ்டம் பட்டவர்களுக்குத்தான் தெரியும். உலகத்தில் வேறு எந்தத் துப்பறிவாளரும் தன் உதவியாளரிடம், ‘சிரமம் இல்லைன்னா அந்தச் சுவரை ஏறிக் குதிச்சுப் பார்க்கிறீங்களா?’ என்று கேட்டிருக்க மாட்டார்.

வந்தவர் அருங்காட்சியகத்தின் டைரக்டர். அதற்கு முன் கல்லூரி முதல்வராக இருந்தவர். இங்கிலீஷில் ஒன்றுபோலத் தோன்றி ஆளைக் கவிழ்க்கும் சொற்களைப் பற்றிப் பத்திரிகையில் வாராவாரம் எழுதுகிறவர். அவர் விஷயத்தைச் சொன்னபோது குரலில் துக்கம் இருந்தது, இலக்கணமும் இருந்தது.

அருங்காட்சியகத்தின் பெருமையே ஒரு திரைச்சீலைதான். ராஜா காலத்து அரண்மனையில் தொங்கியது. நிலவறையில் மூட்டையாகக் கிடந்ததை இவர்தான் கண்டெடுத்து, ஒரு புத்தகமும் எழுதி, ஊர் உலகத்துக்குக் காட்டினார். போன வாரம் சுத்தம் செய்வதற்காகத் திரையைக் கீழே இறக்கிப் பட்டறைக்குப் பக்கத்து அறையில் விரித்திருந்தார்கள். பட்டறையில் பித்தளைச் சட்டங்களை ஈயப்பற்று வைத்து ஒட்டிப் பாலிஷ் போடும் பாலிஷ்காரர், தீப்பிடிக்கும் திரவ டின்னைக் காலடியில் வைத்துக்கொண்டு நெருப்புக்குழலைப் பற்றவைத்தார். பட்டறை போயிற்று. திரையும் போயிற்று. பாலிஷ்காரர் கைகள் வெந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

“டின்மேல ‘இன்ஃப்ளேமபிள்’னு கொட்டை எழுத்துல இருந்தது. பாவம், அரைகுறை இங்கிலீஷ். ‘இன்’ வந்ததால எரியாதுன்னு நினைச்சிருக்கான். என்ன செய்ய? அலட்சியம் அலட்சியம்தான். கமிட்டி வெளியாள் ஒருத்தரோட அறிக்கையைக் கேக்குது. நீங்க போய்ப் பார்த்து, அவன் கவனக்குறைவுன்னு எழுதிக் குடுத்தா போதும்.”

அவர் படி இறங்கிப் போனதும் மாப்பிள்ளை கதவைச் சாத்தினார்.

“மச்சான், முதல் துப்பு கிடைச்சாச்சு.”

கண்ணாடிக்காரர் தடித்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, எங்கே என்று கேட்டார்.

“நம்ம ரெண்டு பேரும்தான். ஊர்ல எத்தனை பெரிய நிலையம் இருக்கு. ஒரு எழுத்துப் பிழையைப் பார்த்தாலே அந்த மனுஷனுக்குக் காய்ச்சல் வருது. அப்படிப்பட்டவரு பலகையிலேயே பிழையை மாட்டி வெச்சிருக்கிற இடத்தைத் தேடிப் பிடிச்சு வந்திருக்காரு. இவங்க எதையும் கண்டுபிடிக்க மாட்டாங்கன்னு நம்பித்தான் வந்திருக்காரு.”

கண்ணாடிக்காரருக்கு இது கொஞ்சம் வலித்தது. ஆனால் மறுத்துப் பேச வாய்ப்பு இல்லாத உண்மை. அவர் சட்டையை மாட்டிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் பாலிஷ்காரரின் இரண்டு கைகளும் தலையணை மேல் வெள்ளை மூட்டைகளாகக் கிடந்தன. ஐம்பது வயது மதிக்கத்தக்க, ஒல்லியான மனிதர். பக்கத்தில் அவருடைய மனைவி, கஞ்சியை ஆற்றி ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தாள். கேள்வி கேட்பதற்கு முன்பே அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தப்பு தன்னுடையதுதான் என்றும், டைரக்டர் சாருக்குக் கெட்ட பெயர் வந்துவிடக்கூடாது என்றும் சொன்னார். கண்ணாடிக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்தத் தப்பைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லும்படி கேட்டார்.

பட்டறையில் வேறு டின்களும் இருந்தன. மரத்துக்கான வார்னிஷ், தின்னர். அவற்றில் ‘ஃப்ளேமபிள்’ என்று போட்டிருக்கும். அந்தச் சொல் அவருக்கு வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே தெரியும். எரியும் என்று அர்த்தம். அந்த டின்களை நெருப்புக்குழல் பக்கம் அவர் அண்டவிட்டதே இல்லை. திரையைச் சுத்தம் செய்வதற்கென்று புதிதாக ஒரு திரவம் வந்தது. எலுமிச்சை வாசனை. அதன் டின்னில் அதே சொல், ஆனால் முன்னால் ஒரு ‘இன்’.

“‘விசிபிள்’னா தெரியும், ‘இன்விசிபிள்’னா தெரியாது. ‘கரெக்ட்’னா சரி, ‘இன்கரெக்ட்’னா சரியில்லை. அப்படித்தானே சார்? எரியாத சரக்கா பார்த்து டைரக்டர் சார் வாங்கியிருக்காரேன்னு சந்தோஷப்பட்டேன். திரை விரிச்ச ரூம்ல இடம் இல்லை, உன் மேசைக்கடியில வெச்சுக்கோன்னு சொன்னாரு. வெச்சேன்.”

“இந்த ‘விசிபிள், இன்விசிபிள்’ எல்லாம் யார் சொல்லிக் குடுத்தாங்க?” என்றார் கண்ணாடிக்காரர்.

பாலிஷ்காரர் முகத்தில் அந்த நிலையிலும் ஒரு பெருமிதம் வந்தது. டைரக்டர் சாரே உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாராம். கொஞ்ச நாளாக, வேலை முடிந்ததும் தினமும் பாடம். இத்தனை வருஷத்தில் நிமிர்ந்துகூடப் பார்க்காத பெரிய மனிதர் திடீரென்று கூப்பிட்டு, ‘உங்களுக்கு இங்கிலீஷ் வரணும், வந்தா மேலே போகலாம்’ என்றபோது அவருக்குக் கண்ணீரே வந்துவிட்டதாம்.

மனைவி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். வேகமாக எழுத வராது என்பதால் அவர் பாடத்தை அப்படியே போனில் பதிவு செய்து தனக்கு அனுப்பிவிடுவார் என்றும், வீட்டில் இருவரும் சமைத்துக்கொண்டே கேட்டுப் படிப்பார்கள் என்றும் சொன்னாள். அவருடைய போன் தீயில் போய்விட்டது. அவளுடையதில் எல்லாப் பாடமும் இருந்தது. மாப்பிள்ளை அதை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். போகும்போது, ‘நானும் கொஞ்சம் இங்கிலீஷ் கத்துக்கிட்டு வர்றேன்’ என்று சிரித்தார். திரும்பி வரும்போது சிரிப்பு இல்லை. ஒரு பாடத்தைக் கண்ணாடிக்காரர் காதிலும் வைத்துக் காட்டிவிட்டு, போனை ஒரு நாள் இரவலாகக் கேட்டார்.

கிளம்பும்போது அந்தப் பெண் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்தாள்.

“அண்ணே, இதை டைரக்டர் சார் கையில குடுத்துடணும்னு இவரு சொல்லிக்கிட்டே இருக்காரு. நான் இவரை விட்டுட்டு எப்படிப் போறது? கேக்கவும் யாரும் வரலை.”

கண்ணாடிக்காரர் பையைப் பிரித்து உள்ளே பார்த்தார். உடனே மூடினார். பிறகு கட்டிலில் கிடந்தவரின் கைகளை இன்னொரு தடவை பார்த்தார். தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னார்.

அருங்காட்சியகத்தின் ஸ்டோர் அறைக்குப் பொறுப்பான பெண்மணி, சாவிக்கொத்தை இடுப்பில் செருகியிருந்தார். வேண்டாத விருந்தாளிகளைப் பார்ப்பதுபோல் இருவரையும் பார்த்தார். ஆனால் அந்தத் திரவத்தைப் பற்றிக் கேட்டதும் மடை திறந்தது. எந்தச் சரக்கு வந்தாலும் தன் வழியாகத்தான் போகவேண்டும். இது மட்டும் நேராக டைரக்டர் அறைக்குப் போய், அங்கிருந்து பட்டறைக்கு இறங்கியது. மிச்சம் என்று டைரக்டர் அறையிலிருந்து திரும்பி வந்த ஒரு டின்னை எடுத்து வைத்தார்.

கண்ணாடிக்காரர் டின்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வயிற்றுப் பக்கத்தில் அருங்காட்சியகத்தின் எண் போட்ட ஸ்டிக்கர். அலமாரியில் இருந்த மற்ற டின்களில் அது மூடியின் மேல் இருந்தது.

“நான் மூடியிலதான் ஒட்டுவேன். அடுக்கி வெச்சா மேலேருந்து படிக்கணுமே,” என்றார் ஸ்டோர் அம்மாள். “இது யாரோ வேலை தெரியாதவங்க ஒட்டினது.”

“வேலை தெரிஞ்சவங்க ஒட்டினதுன்னு எனக்குத் தோணுது,” என்றார் மாப்பிள்ளை. நகத்தால் ஸ்டிக்கரை நெம்பிப் பிரித்தார். அடியில் சிவப்புக் கட்டத்துக்குள் ஒரு தீச்சுடர் படம். எழுத்து தெரியாதவனுக்கும் புரியட்டும் என்று போட்ட படம்.

திரையைப் பற்றியும் அந்த அம்மாளே சொன்னார். நூலையும் சாயத்தையும் பார்த்து வயது சொல்லும் நிபுணர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து இந்த மாதம் வருவதாக இருந்தது. கமிட்டித் தலைவிதான் ஏற்பாடு செய்தார். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து டைரக்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்போதுதான் பாலிஷ்காரர் மேல் அவருக்குத் திடீர்ப் பாசமும் பொங்கியது. தீ விபத்துக்குப் பிறகு நிபுணரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இல்லாத துணிக்கு ஏது வயது?

டைரக்டர் அறைக்கு வெளியே இருவரையும் காத்திருக்கச் சொன்னார்கள். தாழ்வாரச் சுவர் முழுக்க டைரக்டர்தான். பத்திரிகையில் வந்த அவருடைய கட்டுரைகள், ஒவ்வொன்றும் புகைப்படத்தோடு, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருந்தன. ‘ஹிஸ்டாரிக்’ என்றால் சரித்திரத்தில் பெயர் பெற்றது, ‘ஹிஸ்டாரிகல்’ என்றால் வெறுமனே பழங்காலத்தது. நம் பாட்டன் செருப்பும் இரண்டாவது ரகம்தான் என்று ஒன்றில் எழுதியிருந்தார். மாப்பிள்ளைக்கு அந்த நடை பிடித்துப்போய் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். நாலாவது சட்டத்தின் முன் கண்ணாடிக்காரர் நின்றுவிட்டார். மூக்கு கண்ணாடியில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து படித்தார். பிறகு மாப்பிள்ளையிடம், சிரமம் இல்லையென்றால் அந்தச் சட்டத்தை ஆணியிலிருந்து கழற்றி எடுத்துவர முடியுமா என்று கேட்டார்.

உள்ளே டைரக்டரோடு கமிட்டித் தலைவியும் இருந்தார். ஓய்வுபெற்ற நீதிபதி. நரைத்த தலையை இழுத்து முடிந்திருந்தார். கண்ணாடிக்காரர் தொலைபேசியில் கேட்டுக்கொண்டதால் வந்தவர். டைரக்டருக்கு இது பிடிக்கவில்லை. இருந்தாலும் புன்னகையோடு அறிக்கை தயாரா என்று கேட்டார்.

“தயார்,” என்றார் கண்ணாடிக்காரர். “ஒரே ஒரு சந்தேகம். ‘இன்’னா ‘இல்லை’ன்னு அவருக்குச் சொல்லிக் குடுத்தது நீங்கதானே?”

டைரக்டர் மறுக்கவில்லை. ஏழைத் தொழிலாளிக்கு நல்லது செய்ய நினைத்தது குற்றம் என்றால் அந்தக் குற்றத்தைச் செய்தது தான்தான் என்றார். அரிச்சுவடிதான் சொல்லிக் கொடுத்தேன், விதிவிலக்குகள் ஒரு கடல், அங்கே போவதற்குள் இப்படி ஆகிவிட்டது என்று வருத்தத்தோடு கைவிரித்தார். நீதிபதியம்மாள் தலையை லேசாக அசைத்தார். அது நியாயமாகத்தான் இருந்தது.

கண்ணாடிக்காரர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை போனை மேசை மேல் வைத்துப் பொத்தானை அழுத்தினார். சற்று இரைச்சல். பிறகு பாலிஷ்காரரின் குரல் கேட்டது.

“சார், நம்ம திரைக்குக் கீழே பித்தளைத் தகட்டுல ‘இன்வேல்யுபிள்’னு வெட்டியிருக்கே. தினம் நான்தான் துடைக்கிறேன். அப்ப மதிப்பில்லாததுன்னா எழுதி வெச்சிருக்கு?”

“சேச்சே. அதுக்கு அப்படி அர்த்தமில்லை. விலையே போட முடியாத அளவுக்கு மதிப்புள்ளதுன்னு அர்த்தம். உயிரைக் குடுத்தாவது காப்பாத்த வேண்டிய பொருள். தெரிஞ்சுதா?” இது டைரக்டரின் குரல். உண்மையாகவே பதறியிருந்தது.

“தெரிஞ்சுது சார். அப்ப ‘இன்’னா ‘இல்லை’ங்கிறது...”

“அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும்தான் விதிவிலக்கு.”

“வேற எதுவும் அப்படி இல்லையே சார்? தப்பா படிச்சுடக் கூடாது பாருங்க.”

ஒரு சின்ன இடைவெளி. போனுக்குள் எங்கோ ஒரு மின்விசிறி கடகடத்தது.

“வேற எதுவும் இல்லை. அது ஒண்ணுதான்.”

மாப்பிள்ளை போனை அணைத்தார். டைரக்டர் தொண்டையைச் செருமினார். அந்த நேரத்தில் தனக்கு வேறு சொல் ஞாபகம் வரவில்லை என்றார். மனிதன் மறப்பது இயல்பு என்றார்.

கண்ணாடிக்காரர் கைநீட்ட, மாப்பிள்ளை அக்குளில் இடுக்கியிருந்த சட்டத்தை எடுத்து நீதிபதியம்மாள் முன்னால் வைத்தார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கோர்ட்டில் படிப்பதுபோல ஏற்ற இறக்கமில்லாமல் படித்தார்.

“‘ஃப்ளேமபிள், இன்ஃப்ளேமபிள். எதிரிகள் போலத் தோன்றும் இரட்டையர். இரண்டும் எரியும். இது தெரியாதவர்களும் எரிவார்கள்.’” தேதியைப் பார்த்தார். “போன வருஷம் எழுதியிருக்கீங்க. தினமும் இதைத் தாண்டித்தானே இந்த ரூமுக்குள்ள வர்றீங்க?”

டின்னில் தீச்சுடர் படத்தை மறைத்து ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பற்றிக் கண்ணாடிக்காரர் சொன்னார். டைரக்டரின் முகத்தில் கோபம் ஏறியது. திரையைக் கண்டெடுத்தவனே அதை எரிப்பானா, அது தன் உயிர், அது போனதில் தன்னைவிட யாருக்கு நஷ்டம் என்று கேட்டார். கண்ணில் நீர்கூட வந்தது. நீதிபதியம்மாள் யோசனையோடு கண்ணாடிக்காரரைத் திரும்பிப் பார்த்தார். கேள்வி சரியான கேள்வி.

“அப்ப உங்களுக்கு ஒரு நல்ல சேதி இருக்கு சார்,” என்றார் கண்ணாடிக்காரர்.

துணிப்பையை மேசைமேல் கவிழ்த்தார். கருகிய ஓரத்தோடு, இரண்டு முழ நீளத்துக்கு ஒரு துண்டுத் திரை விழுந்தது. தங்க இழையில் பாதி மயிலும் ஒரு யானையின் காலும் அதில் தெளிவாகத் தெரிந்தன.

“தீ பிடிச்சதும் பாலிஷ்காரர் வெளியே ஓடிட்டாரு. அப்புறம் திரும்ப உள்ள போயிருக்காரு. கை வெந்தது பட்டறையில இல்லை, பக்கத்து ரூம்ல. உயிரைக் குடுத்தாவது காப்பாத்தணும்னு நீங்க சொன்னீங்களே, அதுக்காக. கையில கிடைச்சதைக் கிழிச்சுக்கிட்டு வந்திருக்காரு. உங்க கையிலதான் குடுக்கணுமாம்.”

தொலைந்த பொக்கிஷம் திரும்பக் கிடைத்தவன் சிரிப்பான், அழுவான், குறைந்தபட்சம் தொட்டாவது பார்ப்பான். டைரக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். அந்தத் துண்டு தன்மேல் பட்டுவிடப் போகிறது என்பதுபோல மேசையிலிருந்து கைகளை எடுத்துக்கொண்டார். முகத்தில் ரத்தம் இல்லை.

நீதிபதியம்மாள் அந்தக் கைகளைக் கவனித்தார். பிறகு, நிபுணருக்கு ஒரு சாண் துணி இருந்தால் போதும் என்று கடிதத்தில் எழுதியிருந்ததாகவும், அவரை உடனே வரச் சொல்லப் போவதாகவும் நிதானமாகச் சொன்னார். போனை எடுத்தார்.

“வேண்டாம்,” என்றார் டைரக்டர். “அவர் வர வேண்டாம்.”

அதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் மெதுவாகவும் முதல் முறையாகப் பிழைகளோடும் வந்தது. நிலவறையில் கிடைத்தது ஒரு பழைய நாடகக் கம்பெனியின் படுதா. புத்தகம் வெளிவந்த பிறகுதான், உள்மடிப்பில் கம்பெனியின் முத்திரையைப் பார்த்தார். அதைப் பிரித்து எடுத்தார். அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் ஊரெல்லாம் மற்றவர்களின் பிழையைத் திருத்திக்கொண்டு திரிகிற மனிதர், தன்னுடைய பிழையை மட்டும் திருத்தத் தெரியாமல் எரித்துவிட்டார். பாலிஷ்காரருக்கு அடிபடும் என்று தான் நினைக்கவில்லை என்றும் சொன்னார். அதை அங்கே யாரும் நம்பவில்லை. அவரே நம்பினாரா என்பதும் சந்தேகம்தான்.

போலீஸ் வந்து அழைத்துப் போனபோது மாப்பிள்ளை தாழ்வாரத்தில் சட்டத்தைப் பழைய ஆணியிலேயே மாட்டிக்கொண்டிருந்தார்.

“கல்லூரியில ‘ப்ரின்சிபல்’ வேலை பார்த்திருக்காரு,” என்றார். “‘ப்ரின்சிபிள்’ளை மட்டும் ஒரு நாளும் பார்த்ததில்லை போல.”

சில நாட்கள் கழித்து இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஒரு கையின் கட்டு சின்னதாகியிருந்தது. விரல்கள் மடங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மனைவி எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தாள். தன்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பாடம் சொன்ன பெரிய மனிதரைப் பாலிஷ்காரரால் இன்னும் வெறுக்க முடியவில்லை. அதுதான் அவருக்கு வலித்தது, கையைவிட.

பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராகக் கேட்டார். காலையில் போலீஸ்காரர் வந்து, கேஸில் தன்னைப் பற்றி ‘இன்னொசென்ட்’ என்று எழுதிவிட்டதாகச் சொல்லிப் போனாராம்.

“அதுலயும் முன்னால ‘இன்’ இருக்கே சார். நல்லதா, கெட்டதா?”

“நல்லதுதான்,” என்றார் கண்ணாடிக்காரர். “குத்தம் செய்யாதவர்னு அர்த்தம்.”

“நிச்சயமா?”

“நிச்சயமா.”

பாலிஷ்காரர் நன்றியோடு தலையாட்டினார். அவர்கள் கதவைத் தாண்டுவதற்குள், மனைவியிடம் தணிந்த குரலில் அவர் சொன்னது இருவர் காதிலும் விழுந்தது.

“எதுக்கும் வேற யார்கிட்டயாவது ஒரு தடவை கேட்டுக்கோ.”